ஞாயிற்றுக்கிழமை ஃபோன்

— குந்தாத யக்கா. நாளைக்கு ஆபீசரு முன்னால நிக்கத்தான் வைப்பாங்க. நின்னுக்கினே சொல்லு.

— கக்கத்துக் கட்டையப் புடிச்சிக்கினு எத்தினி நேரம்டா நிப்பேன்? அவரு குந்துன்னு சொல்லமாட்டாரா?

— சொன்னா குந்து. இப்ப நாந்தான் ஆபீசரு. பேரு?

— சௌந்தரம்.

— சார்னு சேத்துச் சொல்லு.

— உன்னையப் போயி சார்னு... சரி, மொறைக்காத. சௌந்தரம் சார்.

— காலு இன்னா ஆச்சு?

— கொழந்தையில ஜொரம் வந்து சூம்பிப் பூடுச்சி சார். அதுல இருந்து இந்தக் கட்டதான்.

— உதவித்தொகைய ஏன் நிறுத்துனாங்க?

— அத என்னைய ஏன் கேக்குறாரு? நிறுத்துனதே அவுங்கதானே?

— யக்கா...

— சொல்றேன், இரு. ஊருக்கு விசாரிக்க ஒரு சாரு வந்தாரு. பையன் இன்னா பண்றான்னாரு. மெட்ராசுல கம்பெனி வேல, மாசாமாசம் பணம் அனுப்புறான்னு சொன்னேன்.

— புள்ள காப்பாத்துறவங்களுக்குக் கிடையாதுன்னு எழுதிக்கினு பூட்டாரு. உன் வாயால நீயே கெடுத்துக்கின.

— எதிர் வூட்டுக்காரிங்க அத்தினி பேரும் வேலியாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தாளுங்க கண்ணையா. அவுளுங்க எதிர்ல எப்படிடா...

— எதிர்ல எப்படி... இன்னா?

— ஒண்ணுமில்ல. அடுத்தத கேளு.

— உனக்கு யாரு இருக்காங்க?

— அதையுமா கேப்பாரு?

— இதுதான் யக்கா முக்கியம். நாளைக்கு விழுப்புரத்துல இதத்தான் திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. யாரு இருக்காங்க?

— ரஞ்சித்து இருக்கான் சார்.

— போச்சு. நாளைக்கும் இதயே சொல்லு, திண்டிவனம் பஸ்ச புடிச்சி சும்மா திரும்பி வருவோம்.

— பெத்த புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கையில யாருமில்லன்னு சொல்லச் சொல்றியா? வாய் அழுவிப் பூடும்.

— ரேஷன் அரிசிய மட்டும் வச்சிக்கினு எத்தினி நாளைக்கு? பாதி நாளு டீயும் பன்னுமா ஓட்டிக்கினு கெடக்குற. எனக்குத் தெரியாதா?

— நீ மட்டும் இன்னா, விருந்தா துன்ற?

— பேச்ச மாத்தாத. பையன் பணம் அனுப்புறானா?

— அவனுக்குச் செலவு இருக்கும் இல்ல...

— கடைசியா எப்ப வந்தான்?

— நீ கேக்குறியா, ஆபீசரு கேக்குறாரா?

— ஆபீசரு.

— பொங்கலுக்கு வர்றேன்னான்.

— எந்தப் பொங்கலுக்கு?

— ...அதான் வாரா வாரம் ஃபோன்ல பேசுறான் இல்ல. உன் எஸ்.டி.டி. பூத்துலதானே பேசுறேன். நீ இதே ஸ்டூல்ல குந்திக்கினு கேட்டுக்கினுதானே இருக்க.

— கேட்டுக்கினுதான் இருக்கேன்.

— போன ஞாயித்துக்கிழமை கூட சிரிச்சிச் சிரிச்சிப் பேசல? உன்னைய விசாரிச்சான்னு சொல்லல?

— சொன்ன. மாமா கை எப்படி இருக்குதுன்னு கேட்டான்னு சொன்ன. மல்லாட்ட உரிக்கிற மிசின்ல போன கை... அத விசாரிக்கிறதுக்கும் ஒருத்தன் இருக்கானேன்னு அன்னிக்கு பூரா சந்தோசமா இருந்திச்சி யக்கா.

— அப்ப எப்படிடா யாருமில்லன்னு சொல்வேன்?

— நான் சாட்சிக்கு வர்றேன். புள்ள வர்றதில்ல, ஃபோனும் பேசுறதில்லன்னு நான் சொல்றேன். நீ சும்மா நின்னாப் போதும்.

— பொய் சாட்சியா? இன்னாடா என் மூஞ்சியையே பாக்குற?

— பொய்யா யக்கா?

— கண்ணையா...

— அழுவாத. தோ பாரு, அழுவாதன்றேன் இல்ல. யாராவது ஃபோன் பேச வந்துடப் போறாங்க.

— உன் பூத்துக்கு யாருடா வர்றாங்க? ஊரே செல்லுக்கு மாறிப் பூடுச்சி.

— அதுவும் சரிதான்... தண்ணி குடி.

— வேணாம். கேளு. ஆபீசரு மாதிரியே கேளு.

— உனக்கு யாரு இருக்காங்க?

— யாரும் இல்ல சார். ஒரு புள்ள. கல்யாணம் கட்டிக்கினு பூட்டான், எந்த ஊருன்னு தெரியாது. பழைய நம்பரு ஒண்ணு வச்சிருந்தேன். யாரும் எடுக்கல. பூத்துக்கு வெளியில கண்ணையன் பாத்துக்கினு இருக்கானேன்னு, எடுத்த மாதிரி நானா பேசுனேன். பேசுனது நல்லா இருந்திச்சி சார். அதுல இருந்து வாரா வாரம் வந்துடுவேன். ஃபோன எடுத்த ஒடனே பேச ஆரம்பிச்சிடுவேன், உள்ள இன்னா சத்தம் கேக்குதுன்னு கூடப் பாக்குறதில்ல. அந்தப் பக்கம் யாரும் இல்ல சார்.

— போதும் யக்கா. நாளைக்கு இத அப்படியே சொல்லு.

— உனக்கு எப்படிடா தெரியும்? காசு நீட்டுனா அப்புறம் பாத்துக்கலாம்ன, அப்பவே எனக்கு சந்தேகம். மீட்டரு ஓடலன்னு பாத்துட்டியா?

— மீட்டரு எங்க ஓடுறது... பில்லு கட்டலன்னு லைன கட் பண்ணிக்கினு போயி ஒரு வருசம் ஆவுது. ஞாயித்துக்கிழமை நீ வருவியேன்னுதான் யக்கா கடையத் தொறந்து வச்சிக்கினு இருக்கேன்.