மூணு தடவை வராதவர்

— கதவைத் தள்ளாதீங்கம்மா! லிப்ட் பெட்டி ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. ஓரமா உக்காந்துக்குங்க.

— உக்கார நேரமில்லைங்க. பதினொரு மணிக்கு மேல் மாடியில இருக்கற என் கிளினிக்குக்கு ஒருத்தர் வர்றாரு.

— டாக்டரம்மாவா? பதறாதீங்க. பிரேக்கைக் கையால விட்டு விட்டு, மெல்லத்தான் இறக்கணும். அவர் காத்திருக்கட்டுமே.

— ஏற்கெனவே மூணு தடவை நேரம் வாங்கிட்டு வராதவர். இன்னிக்கு வந்து நான் இல்லைன்னா, அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப்பாக்க மாட்டாரு. போன்ல சிக்னலும் இல்ல.

— ஒரு சோம்பேறிக்காகவா இவ்ளோ தவிப்பு?

— சோம்பேறின்னு சொல்லாதீங்க! ஒரு வேலையை நினைச்சதும் ‘எழுந்திரு, முடிச்சிடலாம்’னு மூளை நம்மளைத் தள்ளிவிடும். அதுல டோபமின்ங்கிற மூளை ரசாயனத்துக்குப் பெரிய பங்கு. கவனக்குறைபாடு இருக்கறவங்களுக்கு அந்தத் தள்ளு வேண்டிய நேரத்துல வராது. ஒரு போன் பண்றதே மலையாத் தெரியும்... ஐயோ, என்ன சத்தம்?

— ஒண்ணுமில்ல, ஸ்பானர் நழுவிடுச்சு. டாக்டரம்மா... சூப்பர்வைசர் வேலைக்கு ரெண்டே பக்க விண்ணப்பப் பாரம். ஆறு மாசமா என் மேஜையில கிடக்கு. நாளைக்குக் கடைசி நாள். எங்க வீட்டம்மா கெஞ்சி ஓஞ்சுட்டா. ஆனா லிப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னா மட்டும் கை தானா ஓடுது.

— அவசரம்னா உங்க மூளை முழிச்சுக்குது. எனக்கு மூடின இடம்னாலே உயிர் போகும். நீங்க பேச ஆரம்பிச்சதுலேருந்து அந்தப் பயமே வரல, பாருங்க. பெட்டி இறங்குறதே தெரியலையே! என்ன நிதானம்யா உங்களுக்கு!

— அந்த ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க? திட்டுவீங்களா?

— முதல்ல கை குலுக்குவேன். மூணு தடவை வராம வெக்கப்பட்டும், நாலாவது தடவை போனை எடுத்தாரே! அதுக்கு எவ்ளோ தெம்பு வேணும்னு எனக்குத் தெரியும். உங்களை மாதிரி எழுதாத பாரம் ஏதாவது கொண்டு வந்தா, கூட உக்காந்து எழுத வைப்பேன்.

— கதவு திறக்குது. காலை மெல்ல வைங்க.

— அப்பாடா! உங்களைப் பாராட்டிக் கம்பெனிக்கே எழுதப் போறேன். ஆமா, லிப்ட் இன்டர்காம்ல கேட்டப்போ, கம்பெனி ஆள் வர ஒரு மணி நேரமாகும்னாங்க. நீங்க எப்படி அதுக்குள்ள?

— கம்பெனி ஆள் இன்னும் வந்துக்கிட்டிருக்காரு, டாக்டரம்மா. நான் அஞ்சு அலாரம் வச்சு, டூட்டிப் பையோட நேரா இங்க வந்தவன். கை குலுக்கக் கொஞ்சம் பொறுங்க, விரலெல்லாம் கிரீஸு. நான்தான் உங்க பதினொரு மணி ஆளு.