கூடாத காறை எலும்பு

என் பெயர் முகாமுசோனி ஒலிவ். வயது இருபத்து நான்கு. தொழில் சைக்கிள் பந்தயம். முசான்சே நகரில் அணியின் விடுதியில் மூன்று ஆண்டுகள் தங்கியிருந்தேன். இப்போது புசோகோவில் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். அணியின் மேலாளர் ருதாயிசிரே போஸ்கோ மீது மார்ச் 21 அன்று நான் கொடுத்த புகார் தொடர்பாக, இன்று ஜூலை 14 அன்று, விசாரணை அதிகாரி கேட்டதற்கு இதைச் சொல்கிறேன்.

மார்ச் 3 காலைப் பயிற்சியில், இறக்கத்தில் ஒரு ஆட்டின்மேல் மோதி விழுந்தேன். மாவட்ட மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள வலது காறை எலும்பு உடைந்திருப்பதாகவும், துண்டுகள் அதிகம் விலகாததால் ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டால் தானே கூடிவிடும் என்றும், சிலருக்குக் கூடாமலும் போகலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதன்பின் மேலாளர் வந்து, ஐந்து வாரத்தில் பந்தயம் இருப்பதாகவும், வெளிநாட்டு அணியின் ஆள் என்னைப் பார்க்க வருவதாகவும், அறுவை செய்து எலும்பில் தகடு வைத்து முடுக்கினால் நாலாவது வாரமே ஓட்டலாம் என்றும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். எங்கள் அணியின் பெயாத்தாவுக்குப் போன ஆண்டு அப்படித்தான் தகடு வைத்தார்கள். ஐந்தாவது வாரம் ஓட்டி, விழுந்து, தகடு வளைந்தது. அவள் இன்னும் தலைக்குமேல் கை தூக்குவதில்லை.

அதற்கு மேலாளர், அணியில் சேரும்போது நான் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டினார். காயத்துக்கு என்ன மருத்துவம் என்பதை அணியே முடிவு செய்யும் என்று அதில் ஒரு வரி இருந்தது. என் அடையாள அட்டையும் கைப்பேசியும் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 9 அன்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். மறுநாள் அறுவை, நள்ளிரவுக்குப்பின் எதுவும் சாப்பிடக்கூடாது என்று நர்ஸ் சொன்னார். காலையில் பக்கத்துக் கட்டில்காரியின் தங்கை தந்த அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு, தின்றேன் என்று நானே சொன்னேன். மயக்க மருந்து தர முடியாது என்று மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள். அன்று முழுவதும் மேலாளர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கழிப்பறைக்குள் நின்று ஒரு வாழைப்பழம் தின்றேன். தோலை எங்கே போடுவது என்று தெரியாததால் அதையும் தின்றேன். பிறகு நர்ஸிடம் சொன்னேன்.

அதன்பின் அறுவை மருத்துவர் மேலாளரை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

"ரெண்டு நாளும் எதுக்கும்மா சாப்பிட்ட?"

"வேண்டாம்னு சொன்னா யாரும் கேக்கல டாக்டர். சாப்பிட்டாத்தான் நிறுத்துறீங்க."

விருப்பமில்லாதவரை அறுக்கமாட்டேன் என்று எழுதி அவர் என்னை அனுப்பிவிட்டார். மேலாளர் விடுதிக்குக் கூட்டிவந்து, சைக்கிள்கள் வைக்கும் அறையில் பாய் போட்டு, வெளியே பூட்டினார். "மனசு மாறினா கதவத் தட்டு" என்றார். சன்னல் உயரத்தில் இருந்தது; ஒரு கையால் ஏற முடியவில்லை. சட்டையை நானாகக் கழற்ற முடியாததால் ஒன்பது நாளும் அதே சட்டையில் இருந்தேன். பத்தாம் நாள் மேலாளர் கிகாலி போயிருந்தபோது பெயாத்தா பூட்டை உடைத்தாள். அன்றே அக்கா வீட்டிற்குப் போய், மறுநாள் புகார் கொடுத்தேன்.

கையைத் தூளியிலேயே வைத்திருந்தேன். சொன்னபடி எல்லாம் செய்தேன். சென்ற வாரம் படம் எடுத்ததில் எலும்பு கூடவில்லை. தண்ணீர்க் குடம் தூக்கினால் உள்ளே அசைவது கேட்கிறது. இனித் தகடுதான் வழி என்கிறார்கள். நானும் சரி என்கிறேன்.

இது தெரிந்து மேலாளர் நேற்று அக்கா வீட்டுக்கு வந்தார். "பாத்தியா ஒலிவ், நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அறுவைக்குத் தானே ஏற்பாடு செய்வதாகவும், புகாரைத் திரும்பப் பெற்றால் அணியில் இடம் உண்டு என்றும் சொன்னார். அக்காவும் ஒத்துக்கொள்ளச் சொல்கிறாள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

எலும்பு விஷயத்தில் அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. கதவை வெளியே பூட்டியது அவர். புகாரைத் திரும்பப் பெறவில்லை.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் இதுதான், நடந்ததும் இதுதான். யாரும் சொல்லித்தந்து சொல்லவில்லை.

(ஒப்பம்) முகாமுசோனி ஒலிவ்