ஓனர்தான் முதல்ல ஏறணும்

மீசையும்தாண்ணே. முழுசா எடுத்துடுங்க. யோசிச்சுட்டுதான் சொல்றேன். தெரியும், நாளைக்குப் பண்டிகை, ஊரே மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியும், நான் மட்டும் மொழுமொழுன்னு நிப்பேன். பரவால்ல. பந்தயமா? அதெல்லாம் ஒண்ணும் தோக்கல. சும்மா எடுங்க.

சரி, சொல்லிடறேன், நீங்க கத்தியைக் கையில வெச்சுக்கிட்டு யோசிச்சா எனக்குத்தான் பயமா இருக்கு. வீட்டுல சின்னவன் ஒருத்தன் இருக்கான். பதிமூணு மாசம். போன தடவை லீவுல வந்தப்ப என் மூஞ்சியைப் பாத்து அழுதான். சும்மா சிணுங்கல் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போனாங்க. நான்தான் ஆச்சுன்னு சொன்னேன். ரெண்டு நாள் அழுதான். மூணாவது நாள் தூரத்துல இருந்து முறைச்சான். நாலாவது நாள் கைக்கு வந்தான். அன்னைக்கு சாயங்காலம் எனக்கு பஸ். இந்தத் தடவையும் அதே நாலு நாள்தான் லீவு. அதுல ரெண்டு நாளை அழுகைக்குக் குடுக்க எனக்கு மனசில்ல.

லிஃப்ட் மாட்டுற வேலைண்ணே. புதுசா கட்டுற பில்டிங்கெல்லாம் இருக்குல்ல, அதுல. ஒரு சைட்டுக்குப் போனா ஆறு வாரம், ஏழு வாரம். பண்டிகை நெருங்கினா இன்னும் மோசம். கடைக்காரங்க எல்லாரும் பண்டிகைக் கூட்டத்துக்கு முன்னாடி லிஃப்ட் ஓடணும்னு கழுத்துல உக்காந்துடுவாங்க. அவங்க பண்டிகைக்கு ஓட்டி விட்டுட்டுதான் நம்ம பண்டிகைக்கு ஓடி வரணும்.

மீசை பழைய மீசை இல்லண்ணே. ஃபோர்மேன் ஆனப்புறம் வெச்சது. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொன்னா பசங்க, சார் எங்கன்னு என்னையே கேப்பாங்க. இது வந்தப்புறம்தான் பேச்சைக் கேக்கறாங்க. தாடி அதுவா வந்தது, சோம்பேறித்தனம். எடுத்துட்டுப் போனா சைட்டுல மதிக்க மாட்டாங்க, ஆமா. மறுபடி வளரும்ல. ஆறு வாரம் இருக்கே.

வீடியோ காலா? பேசறேனே, தெனமும் பேசறேன். ஆனா அவன் என்னைப் பாக்கறதில்ல. கீழ சின்னக் கட்டத்துல தன் மூஞ்சி தெரியுது பாருங்க, அதைத்தான் பாக்கறான். ரசிச்சுப் பாக்கறான். பாத்துட்டு சிவப்பு பட்டனை அமுக்கிடுவான். அதுல கெட்டிக்காரன். அதில்லாம நான் பாதி நேரம் லிஃப்ட் குழியில நிக்கறவன், அங்க சிக்னல் வந்தா பாதி மூக்குதான் வரும். பாதி மூக்கை வெச்சு அப்பான்னு எப்படிக் கண்டுபிடிப்பான், பாவம்.

கழுத்துப் பக்கம் மெதுவாண்ணே. ம்.

எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் மாட்டி முடிச்சதும் நாங்கதான் முதல்ல ஓட்டிப் பாப்போம், ட்ரையல்னு சொல்லுவோம். ஒரு தடவையா ரெண்டு தடவையா, இருநூறு தடவை. மணல் மூட்டையை ஏத்தி ஓட்டுவோம், ஆளை ஏத்தி ஓட்டுவோம், எங்க சாப்பாட்டு கேரியர் கூட மேல கீழ போயிட்டு வரும். ஆனா திறக்கிற அன்னைக்கு ஓனர் வருவாரு பாருங்க, புதுச் சட்டை போட்டுக்கிட்டு, குடும்பத்தோட. அப்ப எல்லாரும் ஒதுங்கி நிப்போம். சார், உங்களுக்காகத்தான் வெச்சிருக்கோம், நீங்கதான் முதல்ல ஏறணும்னு சொல்லுவோம். அவரும் பட்டனை அமுக்குவாரு. கதவு திறந்ததும் அவரு மூஞ்சியைப் பாக்கணுமே. ஏதோ அவரு கையாலதான் அது ஓட ஆரம்பிச்ச மாதிரி. நாங்களும் அப்பதான் பாக்கற மாதிரி கை தட்டுவோம். ஏமாத்து வேலை இல்லண்ணே அது. மரியாதை. காசு போட்டவரு, ராத்திரி பகலா கவலைப்பட்டவரு, அவருக்கு அந்த முதல் தடவை வேணும்ல.

கல்யாணமான புதுசுல இதை நான் வீட்டுல சொல்லி, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சொல்லியிருக்கக் கூடாது.

எதுக்குன்னா, வீட்டுக்காரி அதைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு, பெரியவ, ஏழு வயசு. அவ குப்புற விழுந்தது நான் லீவுல இருந்தப்ப. உக்காந்தது நான் லீவுல இருந்தப்ப. முதல் பல்லு நான் உள்ள நுழைஞ்ச அன்னைக்கே தெரிஞ்சுது. நடந்தது நான் ஷூவைக் கழட்டி முடிக்கறதுக்குள்ள. நான் சைட்டுல மார் தட்டிக்கிட்டு இருந்தேண்ணே. என் பொண்ணு எனக்காகக் காத்திருந்து எல்லாத்தையும் செய்யறா, அப்பா மேல அவ்வளவு பாசம்னு. பசங்க சிரிப்பானுங்க. பொறாமைன்னு நினைச்சேன். வருஷத்துல நாப்பது நாள்தான் நான் வீட்டுல. குழந்தை வளந்தது மொத்தமும் அந்த நாப்பது நாளுக்குள்ளன்னா, மத்த முந்நூத்தி இருபத்தஞ்சு நாளும் அது என்ன பண்ணுச்சுன்னு ஒரு மனுஷனுக்குத் தோணணுமா இல்லையா? எனக்குத் தோணல.

எப்ப தெரிஞ்சுதா? போன தடவைதான். பெரியவளுக்கு முன் பல்லு ஆடிக்கிட்டு இருந்தது. ஃபோன்லயே சொன்னாங்க, ஆடுது, இன்னும் விழலன்னு. நான் வீட்டுக்குள்ள வந்து உக்காந்து தண்ணி குடிக்கறேன், இவ உள் ரூமுக்குள்ள ஓடினா, பல்லைக் கையில வெச்சுக்கிட்டு வந்தா. அப்பா, இப்பதான் விழுந்துச்சுன்னா. சொட்டு ரத்தம் இல்ல. பல்லு காய்ஞ்ச சுண்ணாம்பு மாதிரி இருக்கு. வாயைத் திறடான்னு பாத்தா, அந்த இடத்துல புதுப் பல்லு பாதி முளைச்சிருக்கு. விழுந்து ரெண்டு நிமிஷம்தான் ஆகுது.

என்ன பண்ணினேனா? ஆஹான்னு கை தட்டினேன். வீட்டுக்காரியைப் பாத்தேன், அவ துணி மடிக்கறதுல ரொம்ப மும்முரமா இருந்தா. ஏற்கெனவே மடிச்ச துணிதான்.

கோபமா? யாரு மேல கோபப்படறது. அந்தப் பொண்ணு பல்லை மூணு வாரமா டப்பாவுல பூட்டி வெச்சிருக்கு. ஸ்கூல்ல எல்லா டீச்சருக்கும் தெரியும், கீழ் வீட்டு அக்காவுக்குத் தெரியும், எதிர்ல மருந்துக் கடைக்காரருக்குக் கூடத் தெரிஞ்சிருக்கும், எனக்கு மட்டும் தெரியாது. வாயை மூடிக்கிட்டே ஃபோன்ல பேசியிருக்கா. சளி புடிச்சிருக்குன்னு நினைச்சேன்.

சின்னவன் விஷயத்துக்கு வரேன். போன வாரம் வீட்டுக்காரி பண்டிகைக்கு எடுத்த துணியெல்லாம் கட்டில்ல பரப்பி ஒரு போட்டோ அனுப்பினா. எல்லாருக்கும் புதுசு. ஓரத்துல சின்னவனோட பழைய ஷூ கவுந்து கிடந்தது, எடுத்து வைக்க மறந்திருப்பா. எங்க பொழப்பே தேய்மானம் பாக்கறதுதாண்ணே. எந்த ரோப் எங்க உரசுது, எந்தச் சக்கரம் எத்தனை நாள் ஓடியிருக்குன்னு பாத்த உடனே சொல்லுவேன். பெருசாக்கிப் பாத்தேன். ரெண்டு ஷூவும் குதிகால் பக்கம் தேய்ஞ்சிருக்கு. அடி நல்லா வழுவழுன்னு ஆகியிருக்கு. தவழற குழந்தைக்கு மேல் நுனிதானே தேயும், அடி எப்படித் தேயும்? இவன் குறைஞ்சது மூணு வாரமா நடக்கறான். அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்ல, தெருவைச் சுத்தியிருக்கான்.

அன்னைக்கு ஃபோன்ல கேட்டேன், நடக்கறானான்னு. இல்லையே, இன்னும் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கறான், உங்களுக்காகத்தான் காத்திருக்கான் போலன்னா. குரல் கொஞ்சம் கூட ஆடல. நானே அப்படி ஓனர்கிட்ட சொன்னதில்ல. சரி, நான் வந்து பாத்துக்கறேன்னேன். அன்னைக்கே போய் நடை வண்டி ஒண்ணு வாங்கினேன். இந்தப் பையில இருக்கறது அதுதான். தேவையில்லன்னு தெரியும். ஆனா நடக்கத் தெரியாதுன்னு நம்பறவன் வாங்கிட்டுதானே வரணும்?

மணி என்ன ஆச்சுண்ணே? பத்தரையா. நேரம் இருக்கு, பதறாம பண்ணுங்க. பதினொண்ணே முக்கால் பஸ்ஸுல நான் வந்து இறங்கறேன்னு வீட்டுல கணக்கு. இங்க இருந்து நடந்தா பத்து நிமிஷம்.

ஆமா, நான் முந்தின பஸ்ஸுல வந்துட்டேன்.

முந்தின பஸ்ஸுன்னா, காலையில எட்டு மணி பஸ் இல்லண்ணே. நேத்து சாயங்கால பஸ்.

வேலை ஒரு நாள் முன்னாடியே முடிஞ்சுது. கடை ஓனரு வந்து முதல்ல ஏறினாரு, கை தட்டினோம், மூட்டையைக் கட்டினேன். சொல்லாம கொள்ளாம போய் நிக்கலாம்னு ஒரு ஆசை. ஒரு தடவையாவது நான் ட்ரையலைப் பாக்கலாமே. நேத்து அஞ்சு மணி இருக்கும், எங்க தெருவுக்குள்ள நுழைஞ்சுட்டேன். வீட்டுக்கு வெளிய சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தாங்க, கதவு விரியத் திறந்து கிடக்கு. எதிர்ல ஒரு வேன் நின்னுச்சு, அதுக்குப் பின்னாடி போய் நின்னேன். சொந்த வீட்டை வேவு பாக்கறவன் மாதிரி.

ஹால்ல என் வீட்டுக்காரி தரையில உக்காந்து சின்னவனை இடுப்பைப் பிடிச்சு நிக்க வெச்சிருக்கா. பெரியவ வாசப்படிக்கு வெளிய. என்னோட பழைய பையைத் தோள்ல மாட்டியிருக்கா, அது முழங்கால் வரைக்கும் தொங்குது. மூஞ்சியில என் மூஞ்சி.

போட்டோண்ணே. என் போட்டோவைப் பெருசாக்கி பிரிண்ட் போட்டு, அட்டையில ஒட்டி, வெட்டி, கண்ணுல ஓட்டை போட்டு, ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் கட்டியிருக்காங்க. அதை மாட்டிக்கிட்டு கதவைத் தட்டறா. யாரு வந்திருக்காங்க பாருடான்னு வீட்டுக்காரி கேட்டா. அப்பான்னான். தெளிவாண்ணே, எனக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. இவ கையை விட்டா. நடந்து வந்தான். எட்டு அடி, எண்ணினேன். தடுமாறல, விழல. நேரா போய் அவ காலைக் கட்டிக்கிட்டு அந்த அட்டையை எட்டித் தொட்டான்.

ரெண்டு பேரும் கை தட்டினாங்க. நான் தட்டல, வேனுக்குப் பின்னாடி நிக்கறேன்ல.

மறுபடி பண்ணாங்க. அப்புறம் மறுபடி. நாலு தடவை ஓட்டிப் பாத்தாங்க. என் சைட்டுல கூட இவ்வளவு ஒழுங்கா ட்ரையல் நடக்காது. நாலாவது தடவை பெரியவளுக்கு வேர்த்துடுச்சு போல, அட்டையைக் கழட்டிட்டா. இவன் அவ மூஞ்சியைப் பாத்தான், அவளுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தான், வாசலைப் பாத்தான். அப்புறம் அழ ஆரம்பிச்சுட்டான். அப்பா எங்கன்னு.

நான் அஞ்சு நிமிஷ தூரத்துல கூட இல்லண்ணே. ரோட்டைத் தாண்டினா போதும். தாண்டறதுக்கு முன்னாடி வேனோட பக்கத்துக் கண்ணாடியில என்னைப் பாத்தேன். ஆறு வாரத் தாடி, இந்த மீசை. எந்தக் குழந்தையும் என்னைப் பாத்து இந்த ஆளைத்தான் தேடறோம்னு நினைக்காது. திரும்பி நடந்து வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி லாட்ஜுல தங்கினேன். வீட்டுக்கு ஃபோன் பண்ணி, காலையில கிளம்பறேன்னு சொன்னேன். எனக்கும் குரல் ஆடல.

இல்லண்ணே, கண்ணுல சோப்பு பட்டுடுச்சு. துடைச்சுக்கறேன்.

இருங்க, கத்தியை ஒரு நிமிஷம் ஓரமா வைங்க. சட்டைப் பையில கம்பெனி கார்டு இருக்கு, எடுக்கறேன். இதோ, அந்த அட்டையில இருந்தது இந்தப் போட்டோதான். வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்தது, எட்டு வருஷம் ஆச்சு. மீசை இல்ல, கன்னம் கொஞ்சம் பூசினாப்ல இருக்கும், முடி இந்தப் பக்கம் வகிடு. அங்க கண்ணாடி ஓரத்துல சொருகி வெச்சுக்கங்க. கன்னத்துக்கும் கண்ணுக்குக் கீழ இருக்கறதுக்கும் நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, தெரியும். இந்த ஆளுக்கு எவ்வளவு பக்கத்துல கொண்டு வர முடியுமோ, அவ்வளவு பக்கத்துல கொண்டு வந்து விட்டுடுங்கண்ணே.