கை தூக்கும் பயிற்சி

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். வியாகுலம்மாள் அக்கா, ராயப்பராஜ், முத்துச்சாமி, மூன்று பேருமே பழனியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால்தான் உள்ளே வந்ததும் ஆளுக்கு ஐந்து நிமிடம் இரண்டு தோளையும் பிடித்துவிட்டேன். விசாரிக்க வந்தவர்களைக் களைப்போடு உட்கார வைப்பது முறையில்லை.

சூசைமாணிக்கம் ஆகிய நான், திண்டுக்கல் வட்டார மசாஜ் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். என்மேல் பிரிஸ்கில்லா கொடுத்த புகாரை விசாரிக்க உங்களைக் குழுவாக அமைத்தவனும் நான்தான். ஆகவே எதையும் மறைக்கப்போவதில்லை.

தன்னார்வத் தலைமைப் பயிற்சி என்னுடைய யோசனை. நம் ஆட்களுக்கு அடுத்தவர் முதுகைத் தவிர உலகம் தெரியாது. சங்க வேலை என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதனால் முதல் பாடமே கை தூக்குவது. "நாற்காலியை யார் எடுத்துப் போடுவது?" என்று கேட்பேன். கேட்டு முடிப்பதற்குள் கை மேலே போக வேண்டும். இந்த வருடம் இருபத்துமூன்று பேர் காலை முழுவதும் கை தூக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பிரிஸ்கில்லாதான் முதல். செம்பட்டிக்காரி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் பிரிக்கும் பெண்களுக்கு இடுப்பு பிடித்துவிடுகிறவள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிக் கேள்வி: "அடுத்த தலைவர் பொறுப்பை யார் ஏற்பீர்கள்?" இது ஒரு சம்பிரதாயம். வருடா வருடம் கேட்பேன். "யாரும் இல்லையா? சரி" என்று சுமையை நானே எடுத்துக்கொள்வேன். இந்தத் தடவை அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

"நான் நிக்கிறேண்ணே. நீங்களும் எம்புட்டு நாளைக்குத்தான் சொமப்பீங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவளிடம் சங்கத்தை எப்படி ஒப்படைப்பது? ஆனால் பதறாத காரியம் சிதறாது. சாப்பிட்டதும் வாக்கெடுப்பு என்று அறிவித்தேன்.

நம் விதிப்படி வாக்கு என்றால் கை தூக்குவது. தொண்டர் தோளைத் தலைவர் பிடித்துவிட வேண்டும் என்று புதிதாக ஒரு பாடம் சேர்த்து, இலை எடுத்த கையோடு எல்லோருக்கும் வரிசையாகப் பிடித்துவிட்டேன். தோள்பட்டைக்குக் கீழே ஓர் இடம் உண்டு. சரியாக அமுக்கினால் ஒரு மணி நேரத்துக்குக் கை எழும்பாது. வலி இருக்காது. அந்த விஷயத்தில் நான் கவனமானவன்.

பிரிஸ்கில்லாவுக்கு மட்டும் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக அமுக்கினேன். "ஒங்க கை பட்டாலே சொகந்தாண்ணே" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்காக ஒரு கையும் எழவில்லை. எனக்காக என் கை எழுந்தது. எதிர்ப்பே இல்லாத வெற்றி.

மற்றவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அவளுக்கு நான்கு மாதமாக வலது கை மார்புக்கு மேலே வரவில்லை. தொழிலுக்குப் போக முடியவில்லை. மகளுக்குத் தலை பின்னவும் முடியவில்லையாம். இதோ, வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் என்னிடம் வந்து, "பதவிய நீங்களே வச்சுக்கங்கண்ணே. எனக்குக் கை வந்தாப் போதும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படி அமுக்கிக் கட்டிய கையை எடுத்துவிடவும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை, எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நானாக முடிவெடுத்தால் நாளைக்கு என்னைச் சர்வாதிகாரி என்பீர்கள்.

ஏன் அக்கா, டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

"கை ஒரு மாதிரியா இருக்கு தலைவரே. தூக்கவே வர மாட்டேங்குது."

ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். அதற்குள் முறைப்படி வாக்கெடுப்பை முடித்துவிடலாம். பிரிஸ்கில்லாவின் கையை நான் சரிசெய்ய வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

யாரும் இல்லையா?

சரி. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, நான் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவன்.