எலீனா என்ன சொன்னாள்

நாய் வருகிற படத்தில் எலீனா கொஞ்சம் சதை போட்டிருப்பாள், ஐயா. ஆனாலும் ஏழு படங்களில் அதுதான் உசத்தி என்று எங்களோடு உப்பு வாருகிற தட்சணாமூர்த்தி சாதிப்பான். அவன் வீட்டில் மூன்று நாய் இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வான்? எனக்கு ரயில் படம்தான். மரக்காணம் உப்பளத்தில் விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேராவது என் கட்சியில் இருப்பார்கள்.

உள்ளதை உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் சகாதேவன். வயது நாற்பத்தாறு. கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற மோட்டார் என் பொறுப்பு. சுற்றுவட்டத்தில் கரண்ட் உள்ள ஒரே இடம் என் மோட்டார் கொட்டகை என்பதால், டிவியையும் சிடி பிளேயரையும் அங்கேயே வைத்திருந்தேன்.

2004 தொடக்கத்தில் குயிலாப்பாளையத்துப் பழைய பேப்பர் கடையில் ஒரு பை சிடி வாங்கினேன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் யாரோ போட்டுவிட்டுப் போனவை. எல்லாவற்றிலும் ஒரே பிரெஞ்சு நடிகை. பெயரில் என்னால் படிக்க முடிந்தது எலீனா மட்டும். காலையில் உப்பு வாரி முடித்தவர்கள் வெயில் ஏறியதும் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். "இவ்ளோ அழகுக்கு தலையில ஒரு முழம் பூ வெச்சா இன்னா கொறைஞ்சிடும்?" என்று முத்தம்மாள் தினமும் கேட்பாள். அழுகிற சீனில் எலீனாவை அடிக்க ஆளில்லை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

பாஷை ஒருவருக்கும் தெரியாது. "இன்னா சொல்றா?" என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியாதுதான். ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஐயா. வாய் ஆயிரம் சொல்லும். அர்த்தம் முகத்தில் இருக்கிறது.

ரயில் படத்தின் கடைசியில் எலீனா ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாட்பாரத்தில் நிற்கிற கிழவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "நான் எங்க போனாலும் என் மனசு உங்க காலடியிலதான் கெடக்கும்" என்று நான் சொல்வேன். பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். புருஷனைப் பறிகொடுத்தவள். ஒன்றரை வருஷத்தில் இருபது தடவையாவது அந்த வாக்கியத்துக்கு அழுதிருக்கிறாள். அழுது முடித்து என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வைக்காகவே நான் அந்தப் படத்தைப் போடுவேன். அவளை இன்னொரு கல்யாணத்துக்குக் கேட்கலாம் என்றுகூட இருந்தேன்.

போன ஜூலையில் உமைர் வந்தான். கோட்டகுப்பத்து அப்துல் கையூமின் மகன். அப்பாவுடைய லாரிக்கு உப்பு ஏற்ற வருவான். லோடு ஏறும்வரை என் கொட்டகையில் நிழலுக்கு ஒதுங்குவான். ரீயூனியன் தீவில் மாமா கடையில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. இது எனக்குத் தெரியாது. அன்றைக்கும் ரயில் படம். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

"அதில்லண்ணே. 'அடுப்புல சூப் இருக்கு, அணைக்க மறந்துட்டேன், போனதும் அணைச்சிடுங்க'ன்னு சொல்றா."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பாஞ்சாலை அழுதாள். முன்னெப்போதும் இல்லாத அழுகை.

"எங்க வூட்டுக்காரரு கடைசியா ஆஸ்பத்திரி போறப்போ 'கோழியப் புடிச்சி அடை'ன்னுதாம்பா சொல்லிட்டுப் போனாரு. போறவங்க அதத்தான சொல்லுவாங்க" என்றாள். அன்றைக்கு அவள் பார்த்தது உமைரை.

அப்புறம் ஏழு படத்தையும் அவன் முதலிலிருந்து சொன்னான். நான் டாக்டர் என்றவள் திருடியாம். அக்கா என்றவள் மகளாம். "நம்ம சகாதேவன் நல்லா கத உட்டிருக்கான் பாரு" என்றான் தட்சணாமூர்த்தி. உமைர் மட்டும் சிரிக்காமல், "அண்ணன் சொன்ன கதையும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பான். அதுதான் ஐயா எனக்கு ஆகவில்லை. வயிறு எரிந்தது. இல்லை என்று எழுதினால் பொய். என் கொட்டகை, என் டிவி, என் சிடி. அவன் லாரி வராத நாளில் கொட்டகைக்கு ஆளே வரவில்லை.

காணும் பொங்கலன்று அளத்தில் ஈ காக்கை இருக்காது. அதனால் அன்றைக்கு அவனுக்குப் போன் செய்தேன். எலீனாவின் எட்டாவது படம் கிடைத்திருக்கிறது, நீ வந்து சொன்னால்தான் எனக்குப் புரியும் என்றேன். பிள்ளை ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டான். கையில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய பிரியாணி.

கிணற்றில் குழாயின் அடியிலுள்ள புட்வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன் என்று ஏணியில் கால் வைத்தேன். "உங்களுக்கு முட்டி வலி, வுடுங்கண்ணே, நான் எறங்குறேன்" என்றான். அப்படித்தான் சொல்வான் என்று தெரியும். ஏணியை விட்டுக் குறுக்குச் சட்டத்தில் கால் வைத்தால்தான் வால்வு எட்டும். உப்பில் இற்றுப்போன இரும்புச் சட்டம் அது. அவன் கால் வைத்ததும் ஏணியை மேலே எடுத்துவிட்டேன். சட்டம் ஒடிந்தது. நீச்சல் தெரியாது என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான்.

உப்புத் தண்ணீர் கனமானது, ஆளைச் சட்டென்று முழுக விடாது. இதை நான் யோசித்திருக்கவில்லை. ரயில் படத்தைப் போட்டேன். பாதிப் படம்வரை சத்தம் கேட்டது. பிரியாணியை வீணாக்கவில்லை.

பாஞ்சாலைக்காகத்தான் செய்தேன். எலீனா அடுப்பைப் பற்றியா பேசுவாள்? இனிமேல் பாஞ்சாலை பழைய வாக்கியத்துக்கே அழலாம், ஒருத்தரும் குறுக்கே பேச மாட்டார்கள். ஏணி மேலே கிடந்ததைக் கவனித்தீர்களே, கெட்டிக்காரர் ஐயா நீங்கள்.

ஒரே ஒரு திருத்தம். நேற்று நான் வாயால் சொன்னதை ஏட்டு எழுதியபோது, உமைர் கடைசியாக "அண்ணே, ஏணியப் போடுண்ணே" என்று கத்தியதாக எழுதிக்கொண்டார். வார்த்தை அதுதான். ஆனால் நான் எட்டிப் பார்த்தேன், ஐயா. அவன் முகத்தைப் பார்த்தேன். "தப்பாச் சொல்லிட்டேண்ணே, நீங்க சொன்னதுதான் சரி" என்றுதான் அவன் சொன்னான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.