ஜூலிக்காக ஓர் உபவாசம்

நாய்களுக்குத் தேன் பிடிக்கும். பலருக்கு இது தெரியாது. மார்த்தாண்டத்தில் தேன்கடை வைத்திருந்ததால் எனக்கு வசதியாகப் போயிற்று.

எங்கள் நாய் ஜூலிக்குக் கணையத்தில் புற்றுக்கட்டி. அந்தக் கட்டி இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், பட்டினி கிடந்தால் வலிப்பு வந்து செத்துவிடும் என்றார் மாட்டு டாக்டர். அடிக்கடி கொஞ்சம் சோறு வைக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஈறில் தேன் தடவ வேண்டும். தடவினேன். ஒவ்வொரு முறையும் எழுந்து வாலாட்டியது.

வீட்டில் நானும் அண்ணன் ஜஸ்டஸும்தான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்குச் சர்க்கரை வியாதி.

“பட்டிக்குத் தேனு, எனக்குப் பாவக்காயா? நல்ல நியாயம்லே, மக்கா,” என்பான்.

“நீயும் வாலாட்டு, தாறேன்.”

சிரிப்பான். நல்லவன், சார். ஜூலிமேல் என்னைவிடப் பாசம். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அதன் சுகத்துக்காக உபவாசம் இருந்தான். ஜூலியையும் இருக்க வைத்தான். நான் ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டிகளைப் பார்க்கப் போயிருந்தேன். சோறு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தபோது ஜூலி சங்கிலியோடு செத்துக் கிடந்தது. நாக்கைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. அண்ணன் பக்கத்தில் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தான்.

“சோறு வெச்சியா?”

“உபவாசத்துல எப்பிடிலே வெப்பேன்? நானும் பச்சத்தண்ணி தொடல்ல. கர்த்தர் எடுத்துக்கிட்டாரு, மக்கா.”

மண்வெட்டிப் பிடியை எடுத்தேன். கோபம் இல்லை. அடுக்களை பக்கத்தில்தான், அவன் எழுந்து போய்விடக் கூடாது. வலது முழங்கால் இரண்டாவது அடியில் உடைந்தது. தவழ்ந்தான். ஆகவே இடதையும் உடைத்தேன். அப்புறம் கைகள். ஜூலியின் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டேன். அதில் இன்னும் சூடு இருந்தது.

சாப்பாடு கொடுக்கவில்லை. சர்க்கரையை இறக்கும் அவன் மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தேன். வாயைத் திறக்க மறுத்தபோது முன்பற்களைத் தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரை விஷயத்தில் நான் எப்போதுமே கண்டிப்பு.

மறுநாள் அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கி வியர்த்தது.

“மக்கா, ஒரு மடக்கு சாயா தாலே.”

“உபவாசம் முடியட்டும்ணா.”

“எப்பம் முடியும்?”

அது எனக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது.

பிறகு வலிப்பு வந்தது. அடங்கி, மறுபடியும் வந்தது. தலை தரையில் மோதிக்கொண்டே இருந்தது. அடிபடுமே என்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அசைவு நின்ற பிறகும் கீழே இறக்கி வைக்கவில்லை.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் செத்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.