எக்காளத்துக்கு ஒரு தாள், கொம்புக்கு வேறொரு தாள்

இலண்டன் பயணக் களைப்பு இன்னும் கண்ணில் தங்கியிருக்க, இந்த அவையின் தலைமைக் கதிரையை நிறைத்து வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய ஐயா பொன்னம்பலம் அவர்களே! பெண்பிள்ளைகள் கையில் பித்தளை வாத்தியத்தைக் கொடுத்துப் பெயர் வாங்கிய பாடசாலை அதிபர் அம்மையார் பாலேஸ்வரி அவர்களே! கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி, மூன்று இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டி, சட்டை கசங்காமல் வந்து சேர்ந்த என் இனிய நண்பர் ஸ்ரனிஸ்லாஸ் அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்துவிட்ட பெரியோர்களே! அடுப்பை நிறுத்தினோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வெள்ளைச் சீருடையும் வெள்ளிக் கேடயமுமாய் முன்வரிசையில் மின்னும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் வெள்ளவத்தைக் கடற்காற்றை விடக் குளிர்ந்த என் வணக்கம்.

என் பெயர் இராசரத்தினம். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞர். இப்போது எங்கள் மாடிக் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘பாராட்டுரை’. ஆனால் அன்பர்களே, நான் தரப்போவது ஒப்புதல் வாக்குமூலம்! பயப்படாதீர்கள், யாரும் அடித்து வாங்கியதல்ல. நானாகத் தருவது.

யாரது பின்னால், ‘கெதியாய் முடியுங்கோ’ என்பது? என் மனைவி கனகேஸ்வரி. அவவின் கட்டளை முப்பது வருடமாக எங்கள் வீட்டில் அமுலில் இருக்கிறது. இன்று ஒரு நாள் மட்டும் மீறுகிறேன்.

இங்கிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி எங்கள் கட்டடம். அதன் மூன்றாம் மாடியில், ஐயா பொன்னம்பலம் அவர்களுக்குச் சொந்தமான வீட்டில், வாடகைக்கு இருக்கிறார் இன்றைய விழா நாயகி, கணித ஆசிரியை ஜெகதீஸ்வரி. அவரும், மாதம் இருமுறை களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் அவருடைய அக்கா அருந்ததியும் இந்த மாதம் முப்பதாம் திகதி அந்த வீட்டைக் காலி செய்யவேண்டும். இது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. டீச்சர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அறிவித்தலின் பிரதி செயலாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. என்ன காரணம் எழுதியிருந்தது? ‘குடியிருப்பாளர்களின் எழுத்து மூலமான முறைப்பாடு.’ அந்த முறைப்பாட்டை எழுதிய கை எது? இதோ, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தக் கை!

யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு வெள்ளவத்தையில் வீடு தேடி அலைந்தவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா ஐயா? மண்டபமே தூக்குகிறது. அந்த அலைச்சலுக்குள் இரண்டு பெண்களை மறுபடி தள்ளப்போவது என் அழகான கையெழுத்து.

கதைக்கு வருகிறேன். ஆண்டு தொண்ணூற்றாறு. பாடசாலையின் பாண்ட் மாஸ்டர் விடுமுறையில் கனடா போனார். விடுமுறை முடிந்தது, மாஸ்டர் வரவில்லை. அதிபர் அம்மையார் ஆசிரியர் கூட்டத்தில், “ஆர் பாண்டைப் பொறுப்பெடுக்கிறியள்?” என்று கேட்டாராம். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஜெகதீஸ்வரி டீச்சர் மட்டும் யன்னலைப் பார்த்தார். நிமிர்ந்திருந்த ஒரே தலைக்கு அந்தப் பொறுப்பு முடியாகிவிட்டது.

ட்ரம்பெட் எனும் எக்காளம் மூன்று. ஹோர்ன் எனும் சுருண்ட கொம்பு இரண்டு. மேளக்காரரோடு சேர்த்துப் பதினெட்டுப் பிள்ளைகள். டீச்சருக்கோ இவற்றில் எந்தப் பக்கத்தால் ஊதுவதென்பதே தெரியாது! என்ன செய்தார்? ஓடினாரா? ஒளித்தாரா? மாஸ்டர் விட்டுப்போன ஒரு பழைய பாடப்புத்தகத்தை எடுத்தார். திங்கள் தான் கற்றதைச் செவ்வாய் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பிள்ளைகளை விட ஒரு பக்கம் முன்னே நின்றார். ஒரே ஒரு பக்கம்தான், அன்பர்களே! ஆனால் அந்த ஒரு பக்கத்தை ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கே பழகினார்? பாதுகாப்புக் காரணமென்று பாடசாலை இரண்டு மணிக்கே பூட்டப்படும். கடற்கரையில் ஆமிச் சென்ட்ரி. மிச்சம் எது? என் தலைக்கு மேலுள்ள அறை! பின்னேரம் ஐந்து பத்து. நான் தேநீர்க் கோப்பையை உதட்டருகே கொண்டுபோகிறேன். மேலே எழுந்தது ஒரு முழக்கம். அது சுரமா? அபசுரமா? அபாய ஒலியா? காலம் எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குத் தெரியும். மேசைக்குக் கீழே போனவன் நான். பக்கத்தில் ஏற்கெனவே கனகேஸ்வரி இருந்தா. “இஞ்சேருங்கோ, லொறி ஒண்டு மாடியில ஏறுது போல கிடக்கு” என்றா.

முறையிட்டோம். டீச்சர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாளிலிருந்து சேலை அலுமாரியைத் திறந்து, ட்ரம்பெட்டின் வாயைச் சேலைகளுக்கு நடுவே செருகி ஊதினார். கூறைச்சேலையும் கைத்தறியும் சேர்ந்து விழுங்கியும் அந்த ஒலி அடங்கவில்லை. இடம்பெயர்ந்து வந்த இரண்டு பெண்கள் அப்படி எத்தனை சேலை கொண்டுவந்திருக்க முடியும்? அதை நான் அன்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கனகேஸ்வரியின் சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நான் பேனையை எடுத்தேன். ‘அமைதிக்கு ஊறு, ஆரோக்கியத்துக்குக் கேடு, அயலாருக்கு அச்சம்’ என்று அடுக்கி, முப்பத்தொரு பேரிடம் கையொப்பம் வாங்கி, இலண்டனுக்கு அனுப்பினேன். ஐயா வீடு மாறியிருந்தார். கடிதம் விலாசம் விலாசமாக அலைந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இடையில் நடந்ததைக் கேளுங்கள்.

கடிதம் போய் ஒரு மாதம். ஒரு பின்னேரம் கதவைத் தட்டுகிறார் டீச்சர். உதடு வீங்கி, கண் சிவந்து, கையில் கொம்பு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் கேட்டது என்ன தெரியுமா?

“அண்ணை, நீங்கள் பிள்ளையார் கோயில்ல சங்கு ஊதுறனீங்கள் எல்லோ? ஒரு அஞ்சு நிமிசம் இதைப் பிடிச்சு ஊதுவியளோ? ட்ரம்பெட் பிள்ளையள் தனிய ஊதினால் சரி. ஹோர்ன் பிள்ளையள் தனிய ஊதினாலும் சரி. சேர்ந்து ஊதினால் நாறுது. நான் பிள்ளையளைப் பேசிப்போட்டன். ஒண்டு அழுதுகொண்டு போட்டுது. பிழை அவையிலயோ என்னிலயோ எண்டு எனக்குத் தெரியவேணும்.”

யாரிடம் கேட்கிறார்? முறைப்பாடு எழுதியவனிடம்! அது அவருக்குத் தெரியாதா? தெரியும். கையொப்பம் வாங்க நான் படியேறி இறங்கியதை அவர் பார்த்தவர். தன் மானத்தை விட அந்தப் பிள்ளையின் கண்ணீர் அவருக்குப் பெரிதாக இருந்தது.

வாங்கினேன். ஊதினேன். சங்கூதிப் பழகிய உதட்டுக்குக் கொம்பு இணங்கியது. ஒரே தாள், ஒரே சுரம் பார்த்து இருவரும் ஊதினோம். அவருடையது ஒரு பக்கம் போனது, என்னுடையது இன்னொரு பக்கம் போனது. கீழ்வீட்டு நாய் மூன்றாவது பக்கம் போனது. சிரியுங்கள், நாங்கள் அன்று சிரிக்கவில்லை. டீச்சர் கதிரையில் இருந்து அழுதார். பாடசாலைகளின் பாண்ட் போட்டிக்கு இன்னும் மூன்று கிழமைதான்.

கனகேஸ்வரிதான், “கொட்டாஞ்சேனையில சேர்ச் பாண்டில ஊதுற ஒருத்தர் இருக்கிறாராம், போய்க் கேளுங்கோவன்” என்றா. போனோம். வழியில் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய், “மொகக்த மே?”, இது என்ன என்று கேட்டு, கொம்பின் அகன்ற வாய்க்குள் கையை விட்டுத் துழாவினான். டீச்சர் கணித வகுப்பில் நிற்பது போலவே சொன்னார்: “ஹரி. ஒஹொம தமய் அல்லன்னே.” சரி, அப்படித்தான் பிடிக்கவேண்டும் என்று! உண்மைதான் அன்பர்களே, வலக்கையை வாய்க்குள் வைத்துத்தான் அந்த வாத்தியத்தைப் பிடிப்பது. அவன் கையை எடுத்தான், எங்களைப் பார்த்தான், சிரித்துவிட்டான். போங்கள் என்றான்.

ஸ்ரனிஸ்லாஸ் ஐயா எங்கள் இருவரையும் ஊதச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: “டீச்சர், நீங்களும் சரியாத்தான் ஊதுறீங்க. இவரும் சரியாத்தான் ஊதுறாரு. பேப்பர்தான் பிழை. ரெண்டும் வேற வேற பிறப்பு. ட்ரம்பெட்டுக்கு ‘ச’ன்னு எழுதினா ஹோர்னுக்கு ‘ம’ன்னு எழுதணும். அப்பதான் ஒரே சத்தம் வரும்.”

கேட்டீர்களா? பிழை பிள்ளைகளிலும் இல்லை, டீச்சரிலும் இல்லை! ஒரே தாளைப் பிரதி பண்ணி எல்லோர் கையிலும் கொடுத்தால் ஒற்றுமை வரும் என்று நினைத்தோமே, அதுதான் பிழை. எக்காளத்துக்கு எக்காளத்தின் தாள் வேண்டும். கொம்புக்குக் கொம்பின் தாள் வேண்டும். ஒருவனுக்கு எழுதியதை இன்னொருவனிடம் நீட்டி, ‘இதையே வாசி, இப்படியே வாசி, இல்லாவிட்டால் வாயை மூடு’ என்றால் இசை வருமா? இந்த நியாயம் பித்தளைக்கு மட்டுந்தானா பொருந்தும்? ஒரு பாடசாலைக்கு மட்டுந்தானா பொருந்தும்? இந்தத் தீவிலே...

பொறுங்கள், பொறுங்கள். கைதட்டலைக் குறையுங்கள். வெளியே பொலிஸ் நிற்கிறது. நான் வாத்தியத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அன்று தொடங்கி ஒரு கிழமை, கொம்புக்கான தாள்களை நாங்கள் புதிதாக எழுதினோம். டீச்சர் கணக்குப் போட்டுச் சுரத்தைச் சொல்வார், நான் எழுதுவேன். நாற்பத்தாறு தாள். முறைப்பாட்டை எழுதிய அதே பேனை. டீச்சர் முதல் வேலையாக, அழுதுகொண்டு போன பிள்ளையின் வீட்டுக்குப் போய், “பிழை என்னில தான் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார். எத்தனை ஆசிரியர் சொல்வார்கள் அப்படி? அந்தப் பிள்ளைதான் இதோ, கேடயத்தை மடியில் வைத்திருக்கிறது. முதல் வருடம் கடைசி இடம். போன வருடம் நாலாம் இடம். இந்த வருடம் இரண்டாம் இடம்! முதலிடம் எடுத்த பாடசாலை நாற்பது வருடமாக ஊதுகிறது.

நானோ, ஐம்பத்தொன்பது வயதில் மூன்றாம் மாடியின் மாணவன். கிழமையில் மூன்று பின்னேரம் படியேறுகிறேன். அவர் என்னைப் பேசுவார், திருத்துவார், மூச்சைப் பிடிக்கச் சொல்லுவார். என்னை விடப் பதினைந்து வயது இளையவர். எனக்குப் பிள்ளைகள் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிதனுக்குப் பின்னேரம் எவ்வளவு நீளமென்று சொல்லவும் வேண்டுமா? அந்தப் பின்னேரங்களை எனக்குத் திருப்பித் தந்தவர் இவர். அந்த முறைப்பாட்டை ஒரு வரி எழுதி மீளப் பெற்றிருக்கலாமே, ஏன் பெறவில்லை? வெட்கம். பதில் வராததால் தொலைந்தது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். டீச்சர், அதற்காக இந்த அவை அறிய உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஐயா பொன்னம்பலம் அவர்களே! விருந்தாளியாய் அழைத்து மேடையில் வைத்து மடக்குவது மரியாதையல்ல. தெரிந்தேதான் செய்கிறேன். அன்று கையொப்பமிட்ட முப்பத்தொரு பேரில் இங்கே இருப்பவர்கள், அதை மீளப் பெறச் சம்மதமென்றால், எழும்புங்கள். கனகேஸ்வரி, நீரும்தான். பத்து... பதினெட்டு... இருபத்திமூன்று. மற்ற எண்மர் எங்கே? ஐவர் கனடாவில். இருவர் சென்னையில். ஒருவர், பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லையென்று பிடிபட்டுப் பதினான்கு மாதம், இன்னும் வீடு திரும்பவில்லை. அதோ, அவருடைய தாயார் அவருக்காக எழுந்து நிற்கிறார்.

இருந்துகொள்ளுங்கள் அம்மா. கண்டுவிட்டோம்.

என்ன ஐயா? ஒலிவாங்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். “கடிதம் கிடக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து ஊதுங்கோ பாப்பம். பிழைச்சால் உம்மையும் சேர்த்து வீட்டால எழுப்புவன்” என்கிறார்! சிரிக்கிறார், ஐயா சிரிக்கிறார்! கேட்டீர்களா சபையோரே? சரியாக ஊதினால் டீச்சர் இருக்கலாம் என்பதற்கு நீங்கள் எல்லோரும் சாட்சி.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பேப்பர் பிழை கண்டுபிடித்த ஸ்ரனிஸ்லாஸ் ஐயாவுக்கும், இரண்டு வருடம் என் ஓசையைச் சகித்த அயலாருக்கும், எழுந்து நின்ற இருபத்துநான்கு பேருக்கும் என் நெஞ்சின் அடியிலிருந்து நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

டீச்சர், அழாதீர்கள், அழுதால் உதடு நிற்காது என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தீர்கள். வாருங்கள். உங்கள் தாளை நீங்கள் எடுங்கள். என்னுடைய தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது.